அண்ணன் ஒட்டிய இரும்பு

அண்ணன் இல்லாமல் ஒரு பொங்கலும் ஒரு சித்திரைத் திருவிழாவும் கழிந்துவிட்டன. “ஆண்டுத் திதிக்கு நினைவு மலர் போடுறோம் அத்தை, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்” என்று அண்ணன் மகன் கேட்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடிதாசி எழுதிப் பழக்கம் உண்டு, கட்டுரை எழுதிப் பழக்கம் இல்லை. ஆனாலும் என் கையாலேயே எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

அண்ணனைக் கொண்டுபோன அன்று பந்தலில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் பேசியது என் காதில் விழுந்தது. “பெரியவருக்குக் கடைசியில கை விட்டுப்போச்சப்பா. பாய் வண்டியில ஒட்டுன இரும்பு இருபது நாள்ல கையோட வந்துருச்சு” என்றார். அது அப்படி இல்லை. எப்படி என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அண்ணன். இன்னொருத்தி நான்.

எங்கள் பூர்வீகம் சமணர் மலை ஓரத்துக் கீழக்குயில்குடி. எங்கள் ஐயாவுக்குக் கொல்லுப்பட்டறை. அரிவாள், மண்வெட்டி, கலப்பைக் கொழு எல்லாம் அடிப்பார். புதிதாக அடித்த இரும்பை எங்கள் வீட்டிலிருந்து வெறுமனே அனுப்ப மாட்டார்கள். வீட்டுப் பெண்பிள்ளை நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்து, ஒரு குங்குமப் பொட்டு வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆறு வயதிலிருந்து அந்த வேலை என்னுடையது.

அண்ணனுக்குப் பதினாலு வயதில் ஐயா தவறிப்போனார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு, ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறைக்கு வேலைக்குப் போனார். தகர வேலை கற்றார். பின்னால் பஸ் முகப்பெல்லாம் ஃபைபரில் வரத் தொடங்கியபோது, மற்ற தகர வேலைக்காரர்கள் அதைத் தொட யோசித்தார்கள். உடம்பெல்லாம் அரிக்கும், நெடி தாங்காது என்பார்கள். அண்ணன் அரித்தால் அரிக்கட்டும் என்று அதையும் கற்றுக்கொண்டார். என்னைக் கட்டிக்கொடுத்தார். அம்மாவைக் கடைசிவரை பார்த்தார். ஆனையூரில் இடம் வாங்கி, முன்னால் பட்டறையும் பின்னால் வீடுமாகக் கட்டினார்.

என் வீட்டுக்காரர் போன பதினாறாம் நாள் அண்ணன் வந்து வாசலில் நின்றார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. “பெட்டியை எடுத்தா. வண்டி நிக்குது” என்றார். அன்றைக்கு ஏறியவள்தான். மதினி இருந்த வரைக்கும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும்.

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. வண்டியைக் கொண்டுபோக வருகிறவரிடம், “இந்த மூலையில பெயிண்ட் கொஞ்சம் தூக்கலா விழுந்துருச்சு, பாத்துக்கங்க” என்று தானே காட்டிக்கொடுப்பார். “அவரே கவனிக்கலையே அண்ணே” என்பேன். “நாளைக்குக் கவனிப்பாருல்ல” என்பார். எனக்குத் தெரிந்து அண்ணன் வாழ்நாளில் சொன்ன பொய் ஒன்றுதான். அதை எனக்காகச் சொன்னார்.

டவுனுக்குள் அத்தர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்தார். இரண்டே கதவு, உடம்பு முழுக்க ஃபைபர். இப்போது அந்த மாதிரி வண்டியைச் சாலையில் பார்ப்பதே அபூர்வம்.

“எங்க அத்தா வாங்குன வண்டி அண்ணே. அதுக்காக மட்டும் வச்சிருக்கல. அம்மாவுக்கு முட்டி மடங்காது. உசரமான காருல ஏத்த முடியல. இதுலன்னா திரும்பி நின்னு அப்படியே உக்காந்துருவாக. வாரத்துக்கு மூணு நாளு ஆஸ்பத்திரிக்குப் போகணும். இந்தக் கதவு அடைய மாட்டேங்குது” என்றார் பாய்.

கதவு தொங்கியதற்குக் காரணம் உள்ளே இருந்தது. ஃபைபர் உடம்பு தனியாக எடை தாங்காது. முன்கண்ணாடிக்குக் கீழே, இந்தக் கதவுத் தூணிலிருந்து அந்தக் கதவுத் தூண் வரைக்கும் ஓர் இரும்பு முட்டு குறுக்கே ஓடும். நெருப்புப் பட்டால் ஃபைபர் பொசுங்கும் என்பதால் அதைப் பற்றவைக்க முடியாது, பசை போட்டுத்தான் ஒட்டியிருப்பார்கள். மழைத்தண்ணீர் இறங்கி, இரும்பு துருப்பிடித்து உப்பி, ஒட்டிய இடத்தை நெம்பிவிட்டிருந்தது.

பழைய இரும்பை எடுக்கவே அண்ணனுக்கு ஐந்து நாள் ஆயிற்று. அடித்துப் பெயர்த்தால் ஒரு மணி நேர வேலைதான், ஆனால் ஃபைபர் கிழிந்துவிடும். சூடான காற்றை ஊதிப் பசையை இளக்கி, ரம்பத் தகட்டில் துணியைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, விரல்கடை விரல்கடையாக அறுத்தார். “தூங்குற பிள்ளை கையில இருந்து பொம்மைய உருவுற மாதிரித்தா இது” என்பார். அப்போதே அவருக்கு மூச்சிரைப்பு உண்டு.

“டாக்டரு என்ன சொன்னாரு அண்ணே?”

“தூசியில நிக்காதீகன்னாரு. நான் உக்காந்துதான செய்யிறேன்.”



புது இரும்பை வளைத்து, பசை பிடிக்கச் சிறு சிறு துளை போட்டு, சொரசொரப்பாகத் தேய்த்து, தின்னர் போட்டுத் துடைத்து, சுத்தமான தாளில் சுற்றி வைத்தார். “நாளைக்குக் காலையில ஒட்டப்போறேன். யாரும் அதைத் தொடாதீக” என்று வீட்டுக்குள் வந்து சொல்லிவிட்டுப் படுத்தார். மத்தியான நேரம்.

யாரும் என்றால் மற்றவர்களைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பட்டறைக்கு வந்த புது இரும்புக்கெல்லாம் எண்ணெயும் பொட்டும் நான் வைத்ததுதான். பற்றவைக்கிற இரும்புக்கும் போல்ட்டுப் போடுகிற இரும்புக்கும் அதனால் ஒரு குறையும் வந்ததில்லை. அதிலும் அண்ணன் மூச்சுக்குத் திணறிக்கொண்டு செய்கிற வேலை, நல்லபடியாக முடிய வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. தாளைப் பிரித்து எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். பாய் வீட்டு வண்டி ஆயிற்றே, பொட்டு வெளியே தெரியக்கூடாது என்று உள்பக்கமாகப் பார்த்து வைத்தேன். கும்பிட்டு, பொட்டைத் துணியால் ஒற்றியும் எடுத்துவிட்டேன். முன்போலவே தாளைச் சுற்றினேன். அந்த உள்பக்கம்தான் ஒட்டுகிற பக்கம் என்று எனக்குத் தெரியாது. பசைக்கும் எண்ணெய்க்கும் ஆகாது என்றும் தெரியாது.

தானே துடைத்துச் சுற்றியது என்ற நம்பிக்கையில், மறுநாள் அண்ணன் பசை தடவி ஒட்டினார். அந்தப் பசை நெடியில் நல்லெண்ணெய் வாசம் எங்கே தெரியும்.

இருபதாம் நாள் பாய் வண்டியோடு வந்து நின்றார். அவருடைய அம்மாவும் உள்ளே இருந்தார்கள். “அம்மாவை இறக்கையில படார்னு ஒரு சத்தம் அண்ணே. கதவு என் கையில வந்துருச்சு” என்றார் பாய். நல்லவேளை, அம்மாவுக்கு அடி இல்லை. அவர்கள் உட்கார்ந்தபடியே, “என்னப்பா, நான் கழலுறதுக்கு முன்னாடி உன் இரும்பு கழண்டுக்கிருச்சே” என்றார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் செய்த வேலை திரும்பி வந்து நான் பார்த்ததே இல்லை.

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் கூடிவிட்டார்கள். நான் பாய்க்கு டீ கொண்டுவந்து நின்றேன். அண்ணன் உள்ளே கைவிட்டு இழுத்தார். அவித்த முட்டையில் ஓடு வருவதுபோல முட்டு அப்படியே வந்தது. பசை இருந்த இடம் வழவழவென்று மின்னியது. அதன் நடுவில் காலணா அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம்.

அண்ணன் அதைப் பார்த்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டு, “என் தப்புதான் பாய். இரும்பைச் சரியாச் சுரண்டாம ஒட்டிட்டேன். கண்ணு முன்ன மாதிரி இல்ல. திரும்பச் செஞ்சு தாரேன்” என்றார்.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. யாரிடமும் ஒரு பேச்சு வாங்காமல் வாழ்ந்தவள் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு. அது அன்றைக்கு என் வாயைக் கட்டிவிட்டது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பட்டறைக்குப் போனேன்.

“அண்ணே, அது நான் வச்ச எண்ணெய்.”

“தெரியும்த்தா.”

“பெறகு ஏன் உங்க தப்புன்னு சொன்னீக?”

“நீ டீ டம்ளரோட நின்ன. அம்புட்டுப் பேரு முன்னால உன் மூஞ்சி சுருங்குறதப் பாக்க எனக்கு மனசு வரல.”

“நான் பாய்கிட்டச் சொல்லிர்றேன்.”

“சொல்லு, யாரு வேணாம்னா. முதல்ல இங்க வந்து இதைத் தேயி.”

உப்புத்தாளைக் கையில் கொடுத்தார். “மாட்டு நாக்கு மாதிரி சொரசொரன்னு இருக்கணும். வழவழன்னு இருந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது” என்றார். அவருக்குத் தேய்க்க மூச்சு போதவில்லை. மூன்று நாள் நான் தேய்த்தேன். ஒவ்வொரு தடவையும் விரலால் தடவிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்” என்பார். பசை போட்டு ஒட்டியபோது ஒரு முனையை அண்ணன் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். கவ்விகளை ஒவ்வொன்றாக அவர் முடுக்கும் வரைக்கும் நான் அசையவில்லை. “மூச்சு விடுத்தா. எனக்கும் சேத்து நீதான விடணும்” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் கை நகரும் என்று அடக்கிக்கொண்டேன்.

அதுதான் அண்ணன் செய்த கடைசி வேலை. நான்கு மாதம் கழித்து மூச்சிரைப்பு முற்றியபோது, பாய் அந்த வண்டியிலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஏறி உட்கார்ந்ததும் அண்ணன் கதவை ஒரே விரலால் தள்ளினார். சத்தமில்லாமல் அடைந்தது. என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பதினோரு நாள் படுக்கையில் இருந்தார். நான் நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டிருக்கையில் அமைதியாகப் போனார்.

அண்ணனைத் தங்கள் தகப்பனைப்போலப் பார்த்துக்கொண்ட செவிலியர் பிள்ளைகளுக்கும் டாக்டருக்கும், பந்தலுக்குத் தண்ணீர் சுமந்த ஆனையூர் தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனுக்கு வேறு எதுவும் இறங்காத நாளில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பிய பாயின் அம்மாவை நான் மறக்க மாட்டேன். பாய், நீங்கள் இந்த ஒரு வருடத்தில் எத்தனையோ தடவை வந்தீர்கள். ஒவ்வொரு தடவையும் சொல்ல நினைத்து டீயை மட்டும் கொடுத்து அனுப்பினேன். எண்ணெய் வைத்ததற்கும், உங்களைக் கேட்காமல் உங்கள் வண்டிக்குள் பொட்டு வைத்ததற்கும், உங்கள் அம்மா விழ இருந்ததற்கும் என்னை மன்னிக்க வேண்டும்.

அன்றைக்குப் பந்தலில் அந்த வார்த்தையைச் சொன்னவர் யார் என்று எழுத மாட்டேன். எங்களுக்கு வேண்டியவர்தான். இன்றைக்கும் திதிச் சாப்பாட்டுக்கு வருவார். அவர் இலைக்கு நானே பரிமாறுவேன். அவர் வயிறு நிறையச் சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு, அதன் பிறகு நிதானமாக இந்தப் பக்கத்தைப் படித்துப் பார்க்கட்டும்.