பெரட்டில் பன்னிரண்டாவது பெயர்

காலை ஆறு ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைக் கோடு. என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, இருட்டில், தானாக அசைவதுபோல் அது மேலிருந்து கீழே இறங்கியது. பிடித்திருந்த கை தெரியவில்லை. கழுத்தில் ஏதோ உரசியது. "செத்துட்டீங்க" என்றது ஒரு குரல், வீட்டு எண்ணைச் சொல்வதுபோல நிதானமாக. "அடுத்த ஆளு வாங்க." தொட்டுப் பார்த்தேன். விரலில் சாக்குக்கட்டித் தூள். மரத்தில் செதுக்கிய கத்தியின் விளிம்பில் அதைத் தடவி வைத்திருந்தார்கள். பயிற்சி முடிந்து வெளிச்சம் வந்ததும் அவரவர் உடம்பில் எங்கெங்கே வெட்டுப்பட்டது என்று பார்த்துக்கொள்ளலாம். அன்று எனக்குக் கழுத்தில் ஒன்று, வயிற்றில் இரண்டு.

திருச்சியில் அந்த நேரத்துக்கு மொட்டைமாடித் துணிகளில் வெயில் ஏறியிருக்கும். இங்கே, பேராக் மாநிலத்தில், ஏழு மணிக்கும் சரியாக விடிவதில்லை. கடிகாரம் காலை என்கிறது, வானம் ஒத்துக்கொள்வதில்லை. ஈப்போவுக்கு வந்து இரண்டு ஆண்டுகளாகியும் என் உடம்பு இதை நம்பவில்லை. பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் தெருவிளக்கின் கீழ் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ அசம்பாவிதம் நடந்துவிட்டது, அதனால்தான் இந்த நேரத்தில் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள் என்று தோன்றும்.

கணவருக்குத் தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் வேலை. வார நாட்களில் அங்கேயே அறை எடுத்துத் தங்குகிறார். ஈப்போவின் சிலிபின் பகுதியில் எங்கள் வாடகை வீட்டில் ஐந்து நாள் நான் தனி. ஒரு பிற்பகல், வீட்டு வாசலில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது மோட்டாரில் வந்தவன் கைப்பையை இழுத்தான். நான் விடவில்லை. பத்தடி தூரம் தரையில் போனேன். பக்கத்து வீட்டுப் புஷ்பா அக்கா முழங்காலுக்கு மருந்து போட்டுக்கொண்டே திட்டினார். "பேக்க விட்ருக்கணும் லா. உள்ள என்னா, உங்க உசுரா இருக்கு?" பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவர் அவர். மறுவாரம் தன் காரிலேயே என்னைத் தற்காப்புப் பயிற்சிக்கு அழைத்துப் போனார்.

ஊருக்கு வெளியே இருபது நிமிடம். ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இப்போது அந்த மரங்கள் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். வேலைக்குப் போன பெண்கள் பிள்ளைகளை விட்டுச்சென்ற ஆயாக்கொட்டகையின் சிமெண்டுத் தரை மட்டும் மிச்சம். கூரையில்லாத அந்தத் தரைதான் எங்கள் களம். பயிற்றுநர் சரோஜாவுக்கு நாற்பது வயதிருக்கும், ஒரு தொழிற்சாலையில் பாதுகாவலர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். சிலம்பம் தெரிந்தவர், ஆனால் கம்பு சுற்றி அழகு காட்டச் சொல்லித் தருவதில்லை. குடையால் எப்படிக் குத்துவது, தலைக்கவசத்தை எந்தப் பக்கம் பிடித்து வீசுவது, பாராங் கத்தியோடு வருகிறவனின் கையைப் பார்க்காமல் தோளை ஏன் பார்க்க வேண்டும், இவைதான் பாடம். "ஓடறதுதான் மொத அடி. ஓட முடியலன்னாதான் ரெண்டாவது அடி."

ஒவ்வொரு நாளும் பெரட்டோடு தொடங்கும். தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு அந்தப் பெயர். வேலை போய், தோட்டம் போய், இந்தப் பெண்களிடம் அது மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே அரக்கு நிறச் சட்டை. கொசுவுக்காகத் தலையிலும் காதிலும் துண்டு. மாஸ்டர் கூப்பிட, இருட்டிலிருந்து ஒவ்வொருவராக "இருக்கேன்" என்பார்கள். என் பெயர் வந்ததும் சிரிப்பு. "கயல்விழியா? கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள திருடன் பாசாருக்கே போய்ருவான்" என்றார் மாஸ்டர். அதன்பிறகு நான் "பேப்பர்காரி" ஆனேன். திருச்சியில் ஒரு நாளிதழின் குற்றச்செய்திப் பக்கத்தில் பதினோரு ஆண்டுகள் இருந்தவள் என்று புஷ்பா அக்கா சொல்லிவைத்திருந்தார்.

அந்த மேசையில் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எண்ணு. எத்தனை பேர், எத்தனை வெட்டு, எத்தனை மணி. எண்ணிக்கை பிசகினால் மறுநாள் திருத்தம் போட வேண்டும். இரண்டாவது வாரத்தில் நான் இரண்டு விஷயங்களைக் கவனித்தேன். பெரட்டில் பன்னிரண்டு பெயர்கள், பன்னிரண்டு பதில்கள். தரையில் மாணவிகள் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். ஐந்தாவதாக வரும் "தேவி" என்ற பெயருக்கு மெல்லிய குரலொன்று பதில் சொல்லும். நாளுக்கு ஓர் இடத்திலிருந்து. வெளிச்சம் வந்தபின் நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அந்தக் குரலுக்குரிய முகம் இல்லை.

இரண்டாவது விஷயம் செம்பனையின் மூன்றாவது வரிசையில் இருந்தது. ஏழு மணிக்குச் சாம்பல் நிறம் கூடும்போது அங்கே ஓர் உருவம் தெரியும். அசையாது. தலைக்கவசத்தைக் கழற்றாது. கண்ணாடி கீழே இறங்கியிருக்கும். ஏழேகாலுக்குப் பார்த்தால் மரங்கள் மட்டும் இருக்கும்.

"அக்கா, அங்க ஆள் நிக்குது."

"அங்கல்லாம் பாக்காதீங்க. முன்னால பாருங்க."

"நெசமாவே நிக்குதுக்கா."

"நிக்கட்டும் லா."

மற்றப் பத்துப் பெண்களும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டியே நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். தோட்டத்துக் காவல் முனி, செத்தவர்கள், நேரம் கெட்ட நேரம் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் எழுதிக்கொண்டேன். தேவி இறந்துபோன தோழி, அவளுக்காக ஓர் இடம் வைத்திருக்கிறார்கள் என்றும் முடிவு செய்தேன். ஊருக்கு ஒரு கட்டுரை அனுப்பலாம் என்று தலைப்புகூட யோசித்தேன். விசாரிக்காமல் எழுதாதே என்று எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அதனால் விசாரித்தேன். ஒரு வியாழக்கிழமை, பயிற்சி முடிந்து கை கழுவும்போது, குழாயடியில், பிறந்த ஊரின் உரத்த குரலில். "மாஸ்டர், பேரு பன்னிரண்டு கூப்பிடுறீங்க, ஆளு பதினொண்ணுதான் இருக்கு. தேவின்னு இங்க யாருமே இல்லையே. எறந்துட்டாங்களா?"

குழாயை யாரோ மூடினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், அவ்வளவு பக்கத்தில், மோட்டார் ஒன்று கிளம்பியது. சத்தம் செம்மண் பாதையில் போய்த் தேய்ந்து மறையும்வரை பத்துப் பெண்களும் என்னையே பார்த்தார்கள்.

காரில் புஷ்பா அக்கா சொன்னார். தேவி அவருடைய தங்கை மகள். தோட்டத்தை ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் கணவனோடு இருந்தாள், இதே தரையில் பயிற்சிக்கு வந்தாள். அவன் அவள் இடது மணிக்கட்டை உடைத்தான். அடுத்த முறை கழுத்து என்றான். நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. செம்பனைக்குள் நிற்காதே என்று அதில் இல்லை. தேவியைப் பாகான் டத்தோ என்ற ஊரில் ஓர் உறவுக்காரர் வீட்டில் மறைத்து வைத்தார்கள். அவளுக்கு எங்கெங்கே சொந்தம் என்று அவனுக்கும் தெரியும். ஆகவே பெரட்டிலிருந்து அவள் பெயரை நீக்கவில்லை. "காலையில அவ இங்க வர்றா, பகல்ல எங்க ஒளியிறான்னு தெரியலன்னு அவன் நெனைக்கணும். இங்க சுத்துற வரைக்கும் அங்க போக மாட்டான்." அந்த மெல்லிய குரல் புஷ்பா அக்காவுடையது. நாளுக்கு ஓர் இடமாக மாறி நின்று, தன் பெயருக்குக் கரகரப்பாகவும் அவள் பெயருக்கு இளமையாகவும், இரண்டு முறை பதில் சொல்லியிருக்கிறார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"நீங்க பேப்பர் லா. எழுதிருவீங்கன்னு பயம்." சிலிபின் திருப்பத்தில் அவர் மறுபடி பேசினார். "எழுதாமலே கெடுத்திட்டீங்க."

வெள்ளிக்கிழமை மூன்றாவது வரிசையில் யாரும் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. அந்த உருவம் நிற்கும்போது வராத பயம் அது நிற்காதபோது வந்தது. திங்கட்கிழமை பாகான் டத்தோவிலிருந்து தொலைபேசி: தலைக்கவசத்தைக் கழற்றாத ஒருவன் தென்னந்தோப்புப் பக்கத்துக் கடையில் தேநீர் வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டு, தேவி என்று ஒரு பெண்ணைக் கேட்டானாம். அன்று பிற்பகலே அவளை அரிசி மூட்டைகள் ஏற்றிய வேனில் வேறு ஊருக்கு மாற்றினார்கள். குற்றச்செய்திப் பக்கத்தில் நான் எண்ணிப் போட்ட பெண்கள் எல்லாரும் யாரோ ஒருவர் வாய் தவறியதால் இறந்தவர்களாக இருக்கலாம் என்று தோன்றியது.

புதன்கிழமை மாஸ்டர் என்னைத் தனியே அழைத்தார். உயரத்தை அளப்பதுபோல் கம்பைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார்.

"தேவி ஒசரந்தான் நீங்களும். ஒடம்பும் அதே வாகு."

"என்ன செய்யணும்?"

"நிக்கணும். அவ எடத்துல. முதுகு மட்டும் அவனுக்குத் தெரிஞ்சா போதும்."

என் இடது மணிக்கட்டில் கட்டுத்துணி சுற்றினார். தேவி திரும்பி வந்துவிட்டாள், பேப்பர்காரி கணவனோடு தஞ்சோங் மாலிம் போய்விட்டாள் என்று புஷ்பா அக்கா இரண்டு கடைகளில் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைத்தார். மறுநாள் பெரட்டில் ஐந்தாவது பெயருக்கு நான் பதில் சொல்ல வேண்டும். "சத்தம் போடாதீங்க, உங்க ஊருக் கொரலு காட்டிக் குடுத்துரும்" என்று அக்கா எச்சரித்தார். காரில் போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பன்னிரண்டு முறை சொன்னபிறகு அந்தக் குரல் எனக்கே வேறு யாரோ பின் இருக்கையிலிருந்து பேசுவதுபோல் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. தவளைச் சத்தம் ஒரு பக்கம் மட்டும் நின்றதால் தெரிந்தது. பிறகு காய்ந்த செம்பனை மட்டை ஒன்று முறிந்தது. இன்னொன்று, இன்னும் பக்கத்தில். என் முதுகுக்கும் அவனுக்கும் நடுவே எத்தனை அடி என்று என்னால் எண்ண முடியவில்லை. "வரிசை கலையாதீங்க" என்றார் மாஸ்டர். அவர் மட்டும்தான் அவனுக்கு எதிர்முகமாக நின்றார், அவன் தோளைப் பார்த்தபடி. அவர் கம்பைத் தூக்க, பதினோரு கம்புகளும் உயர்ந்து ஒரே சமயத்தில் சிமெண்டில் விழுந்தன. முறியும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, தவளைகள் மறுபடி தொடங்கின.

அதன்பிறகு அவன் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. நான்கு மாதம் வந்தான். நான்கு மாதமும் நான் தேவியாக நின்றேன். வார இறுதியில் கட்டைக் கழற்றினால் மணிக்கட்டில் தோல் வெளுத்திருக்கும். "அடிபட்டுச்சா?" என்று கணவர் கேட்டார். இல்லை என்றேன், அது உண்மை. ஒருநாள் ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டபோது "ஆங், இருக்கேன்" என்றேன். "யாரு பேசுறது?" என்று கேட்டார் அம்மா.

தேவிக்குக் கடவுச்சீட்டு வந்தது. வேலையும் கிடைத்தது, கடல் கடந்து, இந்தக் கட்டுரையில் எங்கும் பெயர் வராத ஒரு நாட்டில். அவளை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு முறை தொலைபேசியில் பேசினாள். நான் நினைத்ததைவிடக் கனமான குரல், புஷ்பா அக்கா பேசிக்காட்டியதுபோல் இல்லவே இல்லை. "இனிமே எழுதுங்கக்கா, பேரு மட்டும் மாத்திருங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன். அங்கே எப்போது விடிகிறது என்று கேட்டேன். எட்டு மணிக்கும் இருட்டாகத்தான் இருக்கிறது என்றாள்.

அவன் இப்போது வருவதில்லை. கட்டுத்துணியைக் கழற்றிவிட்டேன். பயிற்சி நடக்கிறது. கத்தியை ஓரளவு தடுக்கிறேன், கழுத்தில் சாக்குக்கட்டிக் கோடு விழுந்து மூன்று வாரமாகிறது. இன்று காலை ஆறரைக்குப் பெரட்டு. தரையில் பதினோரு பேர். மாஸ்டர் கூப்பிட்டது பதினோரு பெயர்கள். ஐந்தாவது பெயர் இன்னும் தேவிதான், அதற்கு நான் பதில் சொன்னேன். என் பெயர் அதில் இல்லை.