பென்த்தி தோப்புப் பிசின்

புதுப் பிசினை அஹ்தி தொடவே மாட்டார். ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தில் எப்போதோ காயம் பட்டு, வழிந்து, இறுகிப்போன பழைய கட்டிகளை மட்டும் மழுங்கின கத்தியால் நெம்பி டப்பாவில் போட்டுக்கொள்வார். "புதுப் பிசின், பச்சைப் புண்ணுக்கு மரமே போட்டுக்கிட்ட கட்டு. அதைப் பிய்க்கிறவன் மனுஷனா?" என்பார்.

புண்ணுக்குப் போடும் மருந்துக்காக, வீட்டில் பழம்பிசினை வெண்ணெயோடும் தேன்மெழுகோடும் உருக்கி, பெண்கள் போடும் நைலான் காலுறையில் வடிகட்டுவார். துணியில் வடிகட்டினால் அது பாதியைக் குடித்துவிடுமாம். ஒண்டிக்கட்டை மனிதர் கடையில் காலுறை கேட்டால் ஊர் சும்மா இருக்குமா? "என்ன அளவுண்ணே?" என்பாள் கடைக்காரி. "வடிகட்டுற அளவு" என்பார், முகம் மாறாமல்.

ரைலியும் அவரைப் பார்த்துச் சிரித்தவள்தான், காலில் சர்க்கரைப் புண் வரும்வரை. பள்ளிக்கூடச் சமையல்காரி, நாளெல்லாம் நிற்கிற கால். ஐந்து மாதமாகியும் கால் கட்டைவிரல் ஆறவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், இல்லையென்றால் விரலை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

"பிசின் மருந்து போட்டுப் பாப்போம். ஆனா கட்டு நான்தான் மாத்துவேன், மாத்திரையும் நிக்கக் கூடாது" என்றாள் நர்ஸ்.

அஹ்தியின் டப்பாவோ காலி. பழம்பிசின் இருப்பது பழைய வேட்டைக் கூட்டாளி பென்த்தியின் தோப்பில். யார் சுட்ட கடமான் என்ற சண்டையில் இருவரும் பேசிப் பதினோரு வருஷம்.

"தோப்பு பூரா பனி. எடுத்தா யாருக்குண்ணே தெரியப்போகுது?" என்றாள் ரைலி. பயம் அப்படிப் பேச வைத்தது.

"கேக்காம எடுத்தா திருட்டும்மா. திருட்டுப் பொருளை உன் புண்ணுல வைக்க மாட்டேன்."

மறுநாள் ரைலிதான் காரில் கூட்டிப்போனாள். பென்த்தியின் வாசலில் அஹ்தி தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றார். "கடமான் உன்னோடதாவே இருக்கட்டும். கொஞ்சம் பிசின் வேணும். ரைலி காலுக்கு."

பென்த்தி தோப்புப் பக்கம் கையை நீட்டினார். "சுட்டது நீதான், போய்யா. பெரிய மரமெல்லாம் வடக்குப் பக்கம் இருக்கு."

நர்ஸ் பிசின் மருந்து வைத்துக் கட்ட, ஒரு மாதத்தில் புண் சுருங்கியது; மே மாதம் மூடியது. விரல் தப்பியது. நன்றி சொல்லப்போனால், "மரத்துக்கிட்ட சொல்லு" என்று நழுவிவிடுகிறார் அஹ்தி. எப்படித்தான் கைம்மாறு செய்வது? ரைலிக்கு மனசு ஆறவில்லை.

ஜூன் மாத நடனக் கொட்டகையில், பெண்கள் போய் ஆண்களை ஆடக் கூப்பிடும் முறை வந்தது. கூப்பிட்டால் மறுக்கக் கூடாது. ரைலி நேரே போய் அஹ்தியிடம் கை நீட்டினாள்.

"எனக்கு ஆட வராதும்மா."

"எனக்கும் நாலு மாசம் முன்னாடி நிக்கவே வரலண்ணே. எந்திரிங்க."

எழுந்தார். நாலு அடி வைத்திருப்பார். ஜோடிகள் சுற்றிச் சுற்றி வர, தளத்தின் நடுவில் சட்டென்று குந்தி உட்கார்ந்து, அவளுடைய புண் ஆறின காலின் ஷூ முனையைத் தன் கைப் பெருவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார்.