கவிழ்த்த பானைகளின் கீழே

எங்கள் ஊரில் முதல் மொட்டைமாடி வீடு எங்களுடையதுதான். மலைமேல், காவலூரிலிருந்து நடந்து போகிற தூரம். மண்சுவரும் புல்கூரையுமாக இருந்த ஊருக்கு நடுவில், பள்ளிக்கூட வாத்தியாரான என் கணவர் கான்கிரீட் போட்டுக் கட்டினார். எண்பதுகளின் தொடக்கம் அது. பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. வெயில் காலத்தில் உள்ளே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கூரை பொழுது சாய்ந்த பிறகு எங்கள் தலையில் இறக்கும். சுற்றிலும் எல்லோரும் போர்வை தேடுகிற நேரத்தில் நாங்கள் விசிறி தேடுவோம்.

"மலைக்குப் போனா குளிரும்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக் குடுத்தாங்க. நீங்க அதுக்கும் ஒரு வழி பண்ணிட்டீங்க" என்பேன். அவருக்குக் கோபம் வரும். வரட்டும் என்றுதான் சொல்வேன்.

அந்த மாடியால் ஊருக்கு மட்டும் நல்ல லாபம். சாமை, கேழ்வரகு, மாசி வந்தால் புளி என்று காய வைக்க அத்தனை பெரிய சமதளம் வேறெங்கும் இல்லை. கேட்டுக்கொண்டெல்லாம் வர மாட்டார்கள். ஏணி இருந்தது, ஏறினார்கள்.

ஆலங்காயத்தில் அம்மா வீட்டில் பிரசவம் முடிந்து, கைக்குழந்தையோடு நான் மலையேறியது ஒரு மாசியில். மாடி நிறையப் புளி. வீடு இருக்கும்படியாக இருந்தது. பங்குனி முடிவில் புளியை மூட்டை கட்டி இறக்கினார்கள். அதோடு போயிற்று நிம்மதி. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, பிறகு காய்ச்சல். செய்தி கேட்டு என் அப்பா வந்தார். ஆலங்காயத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவர், சொன்னால் சொன்னதுதான். சுவரில் கையை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"அடுப்புக்குள்ள யாராச்சும் பச்சப்புள்ளய வப்பாங்களா மாப்ள? மொதல்ல வூட்ட சரி பண்ணுங்க. நானே வந்து ஒரு மத்தியானம் உள்ள ஒக்காந்து பாக்குறேன். தாங்குச்சுன்னா வுட்டுட்டுப் போறேன். இல்லன்னா ரெண்டு பேரும் எங்கூட்டுலயே இருக்கட்டும்."

இவர் தலைகுனிந்து நின்றார். எனக்கு அப்பா மேல் கோபம், இவர் மேல் இரக்கம், அந்தக் கூரையை மட்டும் உடைத்துப் போட வேண்டும் போலிருந்தது. குழந்தையோடு அப்பா பின்னால் பஸ் ஏறும்போது இவரிடம், "புளி இருந்தவரைக்கும் வூடு கொதிக்கல. கூரை மேல எதையாச்சும் போடுங்க" என்றேன்.

புளியை வருஷம் முழுக்கப் பரப்பி வைக்க முடியுமா? வாணியம்பாடியில் ஒரு தோல் வியாபாரியின் பழைய வீட்டு மாடியில் பானைகளைக் கவிழ்த்து மேலே சுண்ணாம்புக் காரை பூசியிருந்ததை இவர் பார்த்திருக்கிறார். அதையே செய்யத் துணிந்தார். ஆலங்காயத்துக் குயவரிடம் வாங்கிய பானைகள் வைக்கோலுக்குள் உட்கார்ந்து பஸ் மேல் பயணம் செய்து வந்தன.

அதன் பிறகு நடந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா பிறகு எனக்குச் சொன்னாள். பானைகளைக் கவிழ்க்கத் தொடங்கியதும் பெண்கள் ஏணியில் ஏறி வந்துவிட்டார்களாம். "வெறும் பானைய கவுக்கக் கூடாதுங்க வாத்தியாரே! பச்சப்புள்ள இருக்கப்போற வூடு!" பானைக்குள் அடைபடுகிற காற்றுதான் வெயிலைத் தடுக்கும் என்ற கணக்கு வாத்தியாரின் விளக்கம் எதுவும் எடுபடவில்லை. வீட்டுக்கு வீடு சாமை கொண்டுவந்து, ஒவ்வொரு பானைக்கு அடியிலும் ஒரு கைப்பிடி வைத்த பிறகுதான் கவிழ்க்க விட்டார்கள். இடைவெளிகளில் செங்கல் துண்டும் மண்ணும் நிரப்பி, மேலே காரை பூசி வழவழவென்று தேய்த்தார்கள். அடுத்த வருஷம் புளி காய வேண்டுமே!

கத்திரி வெயில் உச்சத்தில் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் துணிப்பையை அவிழ்க்க விடவில்லை. "சாயங்கால பஸ்ஸுக்குத் தேவப்படும்" என்று வாசல் ஓரமாக வைத்தார். உள்ளே நுழைந்தவரின் கண்ணில் முதலில் பட்டது எறும்பு. கூரையோரத்து வெடிப்பிலிருந்து ஆளுக்கொரு சாமை மணியோடு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னா மாப்ள இது, கல்யாண ஊர்வலமா?"

இவர் வாயைத் திறப்பதற்குள், எங்களைப் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா, "அதுங்களும் ரெண்டு வாய் துன்னுட்டுப் போவட்டும்ங்க" என்றாள். நான் சுவரோரம் மஞ்சள்தூளைத் தூவினேன். இந்த எறும்புக்காக என்னைத் திரும்பக் கூட்டிப் போய்விடுவாரோ என்று பயந்துகொண்டே தூவினேன்.

சாப்பிட்டு முடித்து, அப்பா தரையில் துண்டை விரித்துக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்தார், கூரையையே பார்த்தபடி. குழந்தை கை காலை உதைத்தது, கொட்டாவி விட்டது, தூங்கிப்போனது. நாங்கள் இருவரும் அடுக்களைக்கு நகர்ந்தோம். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அப்பா பேத்திக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார்.

சாயங்கால பஸ் ஆரன் அடித்தது. எழுப்பவா என்று இவர் சைகையில் கேட்டார். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் போய்விட்டது.

இருட்டும் நேரத்தில் அப்பா கண் விழித்தார். "பஸ்ஸு?"

"போய்ட்டுதுப்பா."

வாசலில் இருந்த துணிப்பையைப் பார்த்தார். சுவரில் கையை வைத்தார். இந்த முறை எடுக்கவில்லை.

"ஒரு போர்வ இருந்தா குடும்மா" என்றார்.