கடிகாரத்தைப் பார்க்கச் சொன்ன வக்கீல்

எழுபதுகளின் தொடக்கத்தில் தர்மபுரியில் நான் வக்கீலாகி மூன்றாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களின் பக்கம் நின்றுதான் வாதாடுவேன் என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். கொள்கை என்று நானாகச் சொல்லிக்கொண்டதுதான். மற்ற பக்கத்துக்கு என்னை யாரும் கூப்பிட்டதில்லை. இந்தப் பக்கமும் வந்தவர்கள் குறைவு. அப்படி வந்தவர்களில் சிலர், பிறகு கடைத்தெருவில் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிப் போய்விடுவார்கள்.

நேரம் நிறையக் கிடந்ததால் ஒரு நாடகம் எழுதினேன். நகைப்பெட்டியைத் திருடியதாகப் பிடிபட்ட ஓர் ஏழைக் கூலிக்காரன். அவனை எதிர்வீட்டிலிருந்து பார்த்ததாகச் சாட்சி சொல்லும் ஒரு கிழவர். கூலிக்காரனைக் காப்பாற்றும் இளம் வக்கீல். அந்த வக்கீல் கூண்டிலிருக்கும் கிழவரிடம், "அந்தச் சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பான். கிழவருக்குத் தெரியாது. கண்பார்வை இல்லாதவர் கண்ணால் பார்த்த சாட்சியா என்று வக்கீல் சபையை நோக்கித் திரும்புவான். அதற்குப் பிறகு அவனுக்குப் பன்னிரண்டு பக்கப் பேச்சு. வக்கீல் வேஷம் யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கிழவர் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் என் குமாஸ்தாவைக் கெஞ்சினேன். அவர் எனக்கு முன்பு இரண்டு வக்கீல்களிடம் வேலை பார்த்து, ஆயிரக்கணக்கான சாட்சிகளைக் கூண்டுவரை கூட்டிக்கொண்டுபோய் விட்டவர். ஒத்திகைக்கு வரமாட்டேன், நேரே வந்து நிற்கிறேன் என்று ஒரு நிபந்தனை போட்டுச் சம்மதித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் நாடகம். திரைக்கு வேண்டிய துணியைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் இரவல் கொடுத்தார். கொடுத்ததோடு, அதைக் கண்காணிக்க முன்வரிசையிலும் வந்து உட்கார்ந்துகொண்டார்.

குமாஸ்தா மேடைக்கு வந்தார். கூண்டில் ஏறுமுன் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றார். பிறகு அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அது தப்போ என்று நினைத்தவர்போல மறுபடியும் கீழே வைத்தார். நான் எழுதாத காட்சி அது. கூட்டம் அப்போதே அவர் பக்கம் போய்விட்டது. எனக்கு அது புரியவில்லை.

நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடிகாரக் கேள்வியைக் கேட்டேன். குமாஸ்தா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கூண்டை விட்டு எக்கிப் பார்த்தார். தெரியவில்லை என்றதும் வெட்கத்தோடு லேசாகச் சிரித்துவிட்டு, தோளிலிருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டலுக்காக நான் நிறுத்தினேன். அந்த அமைதியில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"வயசான மனுசனுங்க. கண்ணு தெரியலைன்னா அதுக்கு இப்படியா நாலு பேரு முன்னால நிக்க வெச்சுக் கேப்பாங்க?"

பக்கத்திலிருந்தவர்களும் அதையே ஆளுக்கொரு விதமாகச் சொல்லத் தொடங்கினார்கள். நான் என் பன்னிரண்டு பக்கத்தை ஆரம்பித்தேன். ஐந்தாவது பக்கத்தில் பின்வரிசை எழுந்து கடலை வாங்கப் போனது. ஒன்பதாவது பக்கத்தில் திரும்பி வந்து, இன்னும் இவர்தானா என்று விசாரித்தது. கூலிக்காரன் விடுதலையானபோது யாரும் கைதட்டவில்லை. குமாஸ்தா கூண்டை விட்டு இறங்கத் தடுமாறியபோது முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

நாடகம் முடிந்ததும் பாய் துணியை மடித்துக்கொண்டே, நன்றாகத்தான் இருந்தது, ஒரு சந்தேகம் மட்டும் என்றார்.

"பொட்டிய எடுத்தது அவன்தானே, வக்கீல் சார்?"

அவன் நிரபராதி, நாடகமே அதுதான் என்றேன்.

"அப்படீங்களா? நீங்க அவ்வளவு நேரம் பேசினதப் பாத்து, அவன்தான் எடுத்திருப்பான்னு நெனச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துணியோடு போனார்.

வீட்டில் என் மனைவி, பள்ளிக்கூட ஆசிரியை, விடைத்தாள் திருத்துகிறவள் போலப் பொறுமையாகச் சொன்னாள்: குமாஸ்தாவுக்கு வசனம் ஆறே வரி, ஆனால் ஊரில் அவரைத்தான் நினைவு வைத்துக்கொள்வார்கள். நான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

நாடகத்தை மெச்சிக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். பென்னாகரம் பக்கத்து விவசாயி. பக்கத்துக் கொல்லையில் பயிர் வைத்திருந்தவரின் இரண்டு ஆடுகளைத் திருடிச் சந்தையில் விற்றுவிட்டதாக அவர்மேல் வழக்கு. ஆடுகள் அகப்படவில்லை. தன் ஆடுகளைத்தான் ஓட்டிப்போனதாக அவர் சொன்னார். விடியற்காலையில் அவர் ஆடுகளோடு போனதைப் பார்த்ததாக, அதே ஊர்ப் பெரியவர் ஒருவர் சாட்சி. ஒரு கொல்லை தூரத்திலிருந்து பார்த்தாராம். வயது எழுபதுக்கு மேல்.

"அந்தக் கெடியாரக் கேள்விய அவருகிட்டயும் ஒரு வாட்டி கேட்டுப்போடுங்க, வக்கீலய்யா" என்றார் விவசாயி.

வேண்டாம் சார், பதில் தெரியாத கேள்வியைக் கேட்கக் கூடாது என்று குமாஸ்தா தடுத்தார். நாடகத்துக்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் எனக்குப் பிடிக்காமல் இருந்தது. ஊரே மெச்சிய நடிகருக்குச் சட்டம் என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணை நாள் வந்தது. பெரியவர் கூண்டில் ஏறினார். ஆடு ஓட்டிப்போனது இவர்தான் என்று அடையாளம் காட்டினார். என் முறை வந்ததும் நான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"பெரியவரே, உங்களுக்குப் பின்னால் சுவரில் கடிகாரம் இருக்கிறது. மணி என்ன?"

அவர் திரும்பிப் பார்த்தார். எக்கவில்லை, நெற்றியில் கை வைக்கவில்லை.

"பதினொண்ணே காலுங்க. ஆனா அது ஓடலீங்க, சாமி. நான் காலைல வந்தப்பவும் பதினொண்ணே காலுதான். நாடகத்துல பாத்தப்பவே தெரியுமுங்க, நீங்க இதக் கேப்பீங்கன்னு."

கோர்ட்டு முழுவதும் சிரித்தது. மாஜிஸ்திரேட்டு சிரிக்கவில்லை, ஆனால் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். எனக்கு அடுத்த கேள்வி எதுவும் இல்லை. நாடகத்தில் இந்த இடத்துக்குப் பிறகு பேச்சுதான் வரும். உட்கார்ந்துவிட்டேன். என் கட்சிக்காரர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. குமாஸ்தா வழக்குக் காகிதக் கட்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது மாஜிஸ்திரேட்டு தாமாகவே பெரியவரைக் கேட்டார். இவ்வளவு நன்றாகக் கண் தெரிகிறதே, அன்றைக்குப் பார்த்த ஆடுகள் என்ன நிறம்?

"ரெண்டும் நல்ல கருப்புங்க. ஒண்ணுக்கு நெத்தியில மட்டும் வெள்ளை."

மாஜிஸ்திரேட்டு புகாரைப் புரட்டினார். காணாமல்போனவை செவலை ஆடுகள் இரண்டு என்று அதில் இருந்தது. நிறத்தைப் பற்றிப் பெரியவரிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை. போலீசு கேட்கவில்லை, அரசுத் தரப்பு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய நானோ கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரத்தில் விவசாயி விடுதலையானார். வெளியே வந்ததும் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். சாட்சிக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று முதலில் நிரூபித்துவிட்டு, பிறகு அந்தக் கண்ணையே அவர்களுக்கு எதிராகத் திருப்பிவிட்டீர்களே, என்ன யோசனை இது என்று வழியில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். நான் மறுத்திருக்க வேண்டும். அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அது ஆமென்று சொல்வதைவிட அதிகமாக நம்பவைத்தது. அந்த மாதம் பென்னாகரம் பக்கத்திலிருந்து நான்கு வழக்குகள் புதிதாக வந்தன.

மனைவியிடம் மட்டும் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பெரியவர் செவலைன்னு சொல்லியிருந்தா?"

விவசாயி கம்பி எண்ணியிருப்பார், நான் இன்னொரு நாடகம் எழுதியிருப்பேன் என்பதுதான் உண்மை. அதைச் சொல்லாமல் மறுசோறு கேட்டேன்.

மறுவருடம் மறுபடியும் என்னை நாடகம் எழுதச் சொன்னார்கள். இந்த முறை வக்கீல்களை விட்டுவிட்டு ஒரு டாக்டரைப் பற்றி எழுபது பக்கம் எழுதினேன். மேடைக்குக் கொடுக்குமுன் குமாஸ்தாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் மூன்று நாள் வைத்திருந்து, முப்பது பக்கமாக்கித் திருப்பித் தந்தார். அடித்ததில் பெரும்பகுதி டாக்டரின் பேச்சு. அதை அப்படியே மேடைக்குக் கொடுத்தேன்.