சாம்பிராணி போட்ட மோட்டார்

யுத்தத்துக்கு முன்னால், தென்காசியில் சொந்தமாக மோட்டார் வைத்திருந்த மிகச் சில வக்கீல்களில் நானும் ஒருவன். அந்த மோட்டாரை மாடு பூட்டி வீட்டுக்கு இழுத்துவந்த வக்கீல் நான் ஒருவன்தான்.

மலைமேல் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குக் கப்பலேறும் அவசரத்தில் அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கொள்ளை மலிவு. ஏன் மலிவு என்று நான் கேட்கவில்லை. எதிர்த்தரப்புச் சாட்சியை அரை நாள் நிற்கவைத்து வறுத்தெடுக்கிறவன், துரையிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். அவர் பானெட்டைத் திறந்தபோது என் வாயும் கூடவே திறந்துகொண்டதுதான் காரணம். சந்நிதியில் திரை விலகின மாதிரி இருந்தது. குழாய்களும் கம்பிகளும் எண்ணெய் மினுங்கும் இரும்புமாக உள்ளே என்னமோ ஒன்று உட்கார்ந்திருந்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான்.

அந்தத் தெய்வம் எழுந்தருள்வதற்கு எங்கள் வீட்டில் கூரை போட்ட இடம் மாட்டுக்கொட்டில் ஒன்றுதான் இருந்தது. மோட்டார் உள்ளே போயிற்று. பசு முருங்கை மரத்தடிக்கு வந்தது. ஆனிச் சாரல் தொடங்கியதும் பசு நனைந்தது. பால் குறைந்தது. மோட்டாரோ, குற்றாலம் போகிற வழியில் மேலகரத்துப் பாலம் வரை போகும். அங்கே கொதித்து, இருமி, நின்றுவிடும். மூன்று தடவை அப்படி ஆன பிறகு என் மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

"ஒரே ஒரு தடவை அது தன் காலால குத்தாலம் போயி, தன் காலால திரும்பி வரட்டும். கொட்டில அதுக்கே விட்டுருதேன். இல்லைன்னா வார வெள்ளிக்கிழமை மாடு உள்ள, மோட்டார் வெளிய."

அப்பீலுக்கு வழியில்லை. சாரலில் ஒரு மாதம் வெளியே நின்றால் அந்த மோட்டார் பேரீச்சம்பழத்துக்குத்தான் போகும் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வியாழக்கிழமை காலையில் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவள் மடியில் ஒரு கூடை. அதில் மாற்றுச் சேலையும், தலை காயவைக்கத் தூபக்காலும் சாம்பிராணியும்.

பாலத்தில் வண்டிக்காரர் ஒருவர் மாடுகளை அவிழ்க்காமல் நின்றிருந்தார். என் மோட்டாரை மூன்று தடவையும் இழுத்துவந்தவர் அவர்தான்.

"கயிறு எடுக்கவா, அண்ணாச்சி?"

"வேண்டாம்யா, இன்னைக்கு ஓடுது."

"ஓடட்டும், ஓடட்டும். நான் இங்கனயேதான் நிக்கேன்."

குற்றாலம் வரை ஓடியேவிட்டது. பெரிய அருவிக்கு எதிரே நான் நிறுத்தினேனா, அதுவாக நின்றதா என்ற கேள்விக்குள் இப்போது போகவேண்டாம். என் மனைவி பெண்கள் குளிக்கும் பக்கம் போனாள். மலை கண்ணில் படவில்லை. மேகத்துக்குள்ளிருந்து நேராகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, மேலே ஊற்றுகிறவர் யார் என்றே தெரியாதபடி. என் மோட்டாரின் மூக்கிலிருந்து கிளம்பிய ஆவி மேலே போய் அந்த மேகத்தோடு கலந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எது பெரியது என்று அந்த நிமிஷம் என்னால் சொல்லியிருக்க முடியாது.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆள் ஒருவர் வந்து பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"யாத்தே! இது பித்த உடம்புல்லா, அண்ணாச்சி!"

"என்ன செய்யலாம்?"

"இதென்ன கேள்வி? ஊர்ப்பட்ட பித்தமெல்லாம் இங்க வந்துதான் எறங்குது. அருவித் தண்ணிய மேல ஊத்துங்க. மூலிகைத் தண்ணி."

சட்டம் படித்த எனக்கு அது பூரண நியாயமாகப் பட்டது. பைத்தியமே தெளிகிற தண்ணீர், ஒரு பழைய மோட்டாரைத் தெளியவைக்காதா? இருவருமாகக் குடம் குடமாக ஊற்றினோம். 'சுர்ர்' என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது.

"கேட்டியளா? சூடு எறங்குது," என்றார்.

இறங்கியது. உயிரும் கூடவே இறங்கிவிட்டது. முன்பக்கம் ஹாண்டிலைச் செருகி நான் சுற்றினேன், அவர் சுற்றினார், ஈரவேட்டியோடு வந்த இன்னும் இரண்டு பேர் சுற்றினார்கள். ஒரு இருமல்கூட இல்லை.

"ஜன்னி கண்டுட்டு போல," என்று அந்த எண்ணெய் வைத்தியர் கையைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது என் மனைவி வந்தாள். விரித்த தலை, கையில் தூபக்கால். காபிக் கடையில் தணல் வாங்கிப் போட்டிருந்தாள். சொட்டிக்கொண்டிருந்த மோட்டாரைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"யாரு இதத் தலைக்கு ஊத்தினது?"

"தலைக்கு இல்ல. எஞ்சினுக்கு."

"சரி, துவட்டினியளா?"

துவட்டவில்லை. துரை கொடுத்த கையேட்டில் எனக்கு விளங்கிய ஒரே வாக்கியம் அப்போதுதான் ஞாபகம் வந்தது: நெருப்புப்பொறி தருகிற மாக்னெட்டோ என்ற பெட்டி நனையக் கூடாது. அதன் மூடியைக் கழற்றிக் கவிழ்த்தேன். மூலிகைத் தண்ணீர் கொட்டியது. துடைக்கலாம் என்றால், சாரல் காலத்துக் குற்றாலத்தில் காய்ந்த துணி ஏது? வேட்டி, துண்டு, கைக்குட்டை எல்லாம் ஈரம். அந்த இடத்தில் காய்ந்திருந்தது அவள் கையில் இருந்த தணல் ஒன்றுதான்.

"இங்கன கொண்டாங்க," என்றாள்.

பெட்ரோலுக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்ற அளவுக்கு எனக்கு விஞ்ஞானம் தெரியும். அருவிக்கரையில் இருந்த கல்மண்டபத்துக்குப் போனோம். ஒரு சிட்டிகை சாம்பிராணியைப் போட்டு, அந்த மூடியைப் புகைக்கு மேலே திருப்பித் திருப்பிப் பிடித்தாள், எங்கள் மகளுடைய தலையைப் பிடிக்கிற அதே பதத்தில். விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "காஞ்சிட்டு," என்று நீட்டினாள்.

மூடியை மாட்டினேன். பொறி வருகிறதா என்று பார்க்க, அதிலிருந்து போகிற ஒரு கம்பியை மட்டும் கழற்றி, அதன் நுனியை இரும்புக்கு அருகே பிடித்துக்கொண்டு, சுற்றச் சொன்னேன். எண்ணெய்க் கை வழுக்க வழுக்க வைத்தியர் சுற்றினார்.

மேகம் தரையிறங்கி, பகலிலேயே மங்கிக் கிடந்தது. அந்த மங்கலில், கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே, கடுகளவு நீல வெளிச்சம் ஒன்று துள்ளியது. 'டிக்'. மறுபடி 'டிக்'. பக்கத்தில் அவ்வளவு பெரிய அருவி இடித்துக்கொண்டிருந்தது; எங்கள் காதில் அந்த 'டிக்' மட்டும்தான் விழுந்தது. இத்தனை நாளும் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது இந்தக் கடுகா என்று இன்னும் கொஞ்சம் குனிந்தேன். கம்பி விரலில் பட்டு, முழங்கை வரை உதறிப் போட்டது. கோயிலில் இத்தனை வருஷம் கும்பிட்டும் கிடைக்காத சிலிர்ப்பு அது என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே சொல்லவில்லை.

கம்பியை மாட்டினேன். அடுத்த சுற்றில் எஞ்சின் எழுந்தது. புகைக்குழாய் வழியாகச் சாம்பிராணி மணத்தது என்று வைத்தியர் சாதித்தார். நான் மறுக்கவில்லை.

மேலகரத்துப் பாலத்தில் வண்டிக்காரர் கயிறும் கையுமாக நடுரோட்டுக்கு வந்தவர், எங்களைக் கண்டு மாடுகளை ஒதுக்கினார்.

"நிறுத்துங்க அண்ணாச்சி! நெசமாவே ஓடுதா?"

நிறுத்தியிருப்பேன். நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்ற பயத்தில் கும்பிடு மட்டும் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில் இறங்கியதும் என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. முருங்கை மரத்தடியில் நனைந்து நின்ற பசுவை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பானெட்டில் கையை வைத்து, எஞ்சினின் நடுக்கம் அடங்குகிறவரை எடுக்காமலே நின்றாள்.

"இன்னும் ஈரம் போகல," என்றாள். "உள்ள விடுங்க. மாட்டுக்கு வேற கொட்டில் போட்டுக்கிடலாம்."