குண்டு விழுந்த திதி

நில அலுவலகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, முப்பது ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். எந்த விண்ணப்பத்தை எத்தனை பிரதி எழுத வேண்டும், பதில் வராவிட்டால் எத்தனையாவது நாளில் நினைவூட்ட வேண்டும், எந்த அதிகாரியை எந்த அடைமொழியோடு அழைத்தால் மனம் குளிரும் என்பதெல்லாம் அத்துபடி. இன்று ஓய்வில் இருக்கும் எனக்கு அந்த ஞானத்தால் நன்மை ஏதும் இல்லை. அது பயன்பட்ட ஒரே குடும்பக் காரியம் மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டு விடுதலைக்கு, முந்தைய ஆண்டில் தொடங்கியது.

அக்கா அப்போது காஜா பேராங்கில் எங்களோடு இருந்தாள். அத்தானை ஜப்பான்காரன் காலத்தில் பத்து பெரண்டாம் என்ற ஊரின் விமானத் திடலுக்கு ஓடுபாதை போடப் பிடித்துப் போனார்கள். வீட்டிலிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய தூரம்தான். ஆனாலும் போனவர் வரவில்லை. சில வாரம் கழித்து, அவரோடு வேலை செய்த ஒருவர் வந்து, “பதினோரு மணிக்குக் குண்டு விழுந்துச்சு, உடனே போயிட்டாரும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த நாள் என்று கேட்கும் நிலையில் அக்கா இல்லை.

திதி தெரியாமல் இறந்தவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறது என்றார் கோயில் ஐயர். பத்து ஆண்டுகளுக்கு மேல் அக்கா அப்படித்தான் படையல் போட்டாள். அந்த ஆண்டு சமையலறையில் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“கேட்பாரில்லாத பொணத்தோட எல்லாம் சேர்த்து வச்சு அவருக்கும் சோறு போடறேன் தம்பி. அவருக்குன்னு ஒரு நாள் வேணும். நீ ஊருக்கெல்லாம் மனு எழுதித் தர்றியே, எனக்கு ஒன்னு எழுத மாட்டியா?”

முத்திரை ஒட்டாத மனுவாக இருந்தாலும் ஏற்றுக்கொண்டேன்.

முதலில் புக்கிட் ரம்பாய்க்குப் போனேன். அன்று செய்தி கொண்டுவந்தவர் அங்கே பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார்.

“தேதியா? எங்களுக்கு ஏது காலண்டர், கிராணி? விசில் ஊதினா வேலை, ஊதினா சோறு. அதுவும் சோறா, மரவள்ளிக் கிழங்கு.”

“விமானம் எப்படி இருந்தது?”

“ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு. நாலு காத்தாடி. வாலு ரெண்டு. வயிறு பெருத்த எருமை மாதிரி.”

நாலு இயந்திரம், இரட்டை வால், தனியாக வந்தது. நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, அது லிபரேட்டர் வகைக் குண்டுவீச்சு விமானம் என்று கண்டுபிடித்தேன். லிபரேட்டர் என்றால் விடுதலை தருவது. அந்த ஆண்டு தெங்கேரா முதல் குருபோங் வரை ஊரெங்கும் விடுதலைப் பேச்சாக இருந்ததால், அந்தப் பெயரை அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

லண்டனில் போர்க்காலப் பதிவேடுகளைக் காக்கும் அலுவலகத்துக்கு எழுதினேன். மூன்று பிரதி. நினைவூட்டல் ஒன்று, நினைவூட்டலைப் பணிவுடன் நினைவூட்டும் கடிதம் ஒன்று. ஏழு மாதம் கழித்து, நல்ல தாளில், ஓர் எழுத்துப்பிழை இல்லாமல் பதில் வந்தது. இலங்கையிலிருந்து கிளம்பிய அந்த விமானத்துக்கு இடப்பட்ட இலக்கு வேறு ஊராம். அங்கே மேகம் மூடியிருந்ததால் திரும்பும் வழியில் எங்கள் திடலில் குண்டுகளைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. நாள் இன்னது, முற்பகல் நேரம், விளைவு காணக் கூடவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த விளைவு எங்கள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது. நான் கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது, “அவ்வளவு தூரத்திலேருந்தா வந்தாங்க?” என்று மட்டும் கேட்டது.

ஆங்கிலத் தேதி கிடைத்துவிட்டது. திதிக்குப் பஞ்சாங்கம் வேண்டும். போர்க்காலத்தில் கப்பலே வராதபோது பஞ்சாங்கம் எங்கே வரும்? டவுனில் இருந்த செட்டியார் ஒருவர் காரைக்குடிக்கு எழுதி, அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தை வரவழைத்துக் கொடுத்தார். இந்தியக் கணக்கை எங்கள் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தேன். அன்று காலை பத்து மணி வரை தேய்பிறை சப்தமி, அதற்கு மேல் அஷ்டமி.

குண்டு விழுந்தது பதினோரு மணிக்கு. எனவே அஷ்டமி என்று எழுதப் போனவன் நின்றேன். யாருடைய பதினோரு மணி? ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோவோடு சேர்த்துவிட்டான். டோக்கியோ பதினொன்று என்றால் எங்கள் சூரியனுக்கு ஒன்பதரை. அப்படியானால் சப்தமி.

“ரெண்டுல ஒண்ணைச் சொல்லு தம்பி” என்றாள் அக்கா.

“ஆதாரம் இல்லாமல் எப்படிச் சொல்வது?”

“பிள்ளையைப் பெத்தாக்கூட ஆதாரம் கேட்பே நீ.”

மறுபடி புக்கிட் ரம்பாய். காப்பிக் கடையில் உட்கார்ந்து, கையில் பஞ்சாங்கத்தோடு விசாரணையைத் தொடங்கினேன். நிழல் எவ்வளவு நீளம்? கிழங்கு கொடுத்தாயிற்றா? அவர் காப்பியைச் சாசரில் ஊற்றி ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“இது எதுக்குக் கிராணி?”

“அவர் இறந்த நேரம் தெரிந்தால்தான் திதி வைக்க முடியும்.”

சாசரை அப்படியே வைத்துவிட்டார். “குண்டு விழுந்த நேரம்னுதானே கேட்டீங்க? செத்த நேரம்னா, அது மறுநாளு மத்தியானம்.”

நான் பஞ்சாங்கத்தை மூடினேன்.

“கொட்டாயில என் பக்கத்துலதான் கிடந்தாரு, நான்தான் தண்ணி கொடுத்தேன். இடுப்புக்குக் கீழ அடி. வெளிய விட மாட்டேன்னுட்டாங்க. வீட்டுக்குச் சொல்லவான்னேன். ‘வேணாம்ப்பா, அவ கேட் வாசலுக்கு வந்து நின்னா சுட்டுப்புடுவானுங்க. உடனே போயிட்டேன்னு அப்புறமா சொல்லிடு’ன்னாரு. அதான் சொன்னேன்.”

மறுநாள் மத்தியானம் என்றால் எந்தக் கடிகாரத்திலும் நவமி. சப்தமியா அஷ்டமியா என்று ஓர் ஆண்டு ஓடியவனுக்குக் கிடைத்தது இரண்டும் இல்லை. விமானம் எப்போது வந்தது என்று லண்டன் வரை கேட்ட நான், மனிதர் எப்போது போனார் என்று புக்கிட் ரம்பாயில் கேட்கவில்லை. தவறான படிவத்தை நிரப்பிக்கொண்டு வருகிறவர்களை எத்தனையோ முறை முறைத்திருக்கிறேன்.

அக்காவிடம் திதியை மட்டும் சொல்வது, காரணத்தைச் சொல்வதில்லை என்று வழியெல்லாம் தீர்மானித்துக்கொண்டு வந்தேன்.

“நவமி” என்றேன்.

“ரெண்டுல ஒண்ணுன்னே. இது மூணாவதா இருக்கே?”

“கணக்கில் சின்னத் திருத்தம்.”

“உன் கணக்குல என்னைக்குத் தம்பி திருத்தம் வந்திருக்கு?” என் முகத்தையே பார்த்தாள். “அப்ப உடனே போகலையா அவரு?”

எனக்குத் தெரிந்த எந்த நடைமுறையும் அப்போது உதவவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது, இருவரும் எழுந்திருக்கவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். விரல்களை மடக்கி ஏதோ எண்ணினாள்.

“அப்ப இன்னும் ஒரு நாளு இருந்திருக்காரு” என்றாள். “நான் அந்த ஒரு நாளு அவரு இல்லைன்னே நினைச்சுக்கிட்டிருந்தேன். பக்கத்துல ஆள் இருந்துச்சாம்ல?”

“இருந்தார். தண்ணீர் கொடுத்திருக்கிறார்.”

“அவரைக் கூட்டிட்டு வா.”

அத்தான் இறந்த மாதத்துத் தேய்பிறை நவமி, அடுத்து மெர்டேக்கா ஆண்டில் வந்தது. நான் விடுப்பு எடுத்தேன். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் ‘குடும்பத்தில் ஒரு திதி’ என்று முதல்முறையாக எழுதினேன். புக்கிட் ரம்பாய்க்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, படியேறத் தயங்கி நின்றார்.

“பொய் சொன்னதுக்குத் திட்டுவீங்கன்னு வந்தேம்மா.”

“திட்டுறது சாப்பிட்டப்புறம்” என்றாள் அக்கா.

படையலுக்குப் பிறகு அவருக்கு இலை போட்டு, மீன் குழம்பை ஊற்றி, எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவர் இரண்டு வாய் சாப்பிடும்வரை பொறுத்திருந்தாள்.

“சொல்லுங்கண்ணே. விமானம் போனதுக்கு அப்புறத்திலேருந்து. மெதுவாச் சொல்லுங்க, எனக்கு அந்த நாளு முழுசா வேணும்.”