சிவப்பில் கடக்காத லோதார்

ஜெர்மனியின் காஸல் நகரத்தில் குளியலறை ஓடுகள் விற்கும் லோதாரைப் பற்றி எதிரிகூடக் குறை சொல்ல முடியாது. எதிரி என்று யாரும் இல்லை என்பது வேறு விஷயம். சண்டை போடும் அளவுக்கு அவன் யாருக்கும் சுவாரசியமாகப் பட்டதில்லை. சிக்னல் சிவப்பாக இருக்கும்போது அவன் சாலையில் கால் வைத்ததே கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வண்டி இல்லாவிட்டாலும் நிற்பான். அந்த ஊரில் இது பெரிய சாதனை அல்ல. சிறுபிள்ளைகள் எதிரில் யாராவது சிவப்பில் கடந்தால், முன்பின் தெரியாத கிழவி ஒருத்தி, "சின்னதுங்க பாக்குதில்ல?" என்று நடுத்தெருவில் மானத்தை வாங்கிவிடுவாள்.

மகள் யெட்டாவுக்கு அவன் முதலில் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான். நான்கு வயதில் அவள் அப்பனை மிஞ்சிவிட்டாள். "அப்பா சொன்னாரு" என்று அவள் சொல்லிவிட்டால், மழலையர் பள்ளி ஆசிரியையிடம்கூட அதற்கு மேல் அப்பீல் கிடையாது. லோதாரை இத்தனை முழுசாக வேறு யாரும் நம்பியதில்லை. அதில் அவனுக்கு வெளியே சொல்லிக்கொள்ளாத கர்வம்.

அந்த வசந்தத்தில் மனைவி கிர்ஸ்டனின் தங்கை மாரெனுக்கு இத்தாலியின் நேப்பிள்ஸில் பதிவுத் திருமணம். கிர்ஸ்டன் சாட்சி, மோதிரங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது யெட்டா. ரயிலில் நாலு ஊர் பார்த்தபடி போகலாம், குழந்தைக்கு நல்லது என்றான் லோதார். தனக்குப் பிடித்ததையெல்லாம் அவன் குழந்தைக்கு நல்லது என்றுதான் சொல்வான்.

பாரிஸில் ஊரே சிவப்பில் கடந்தது. அப்பனும் மகளும் மட்டும் ஓரத்தில் நின்றார்கள்.

"இவங்களுக்கெல்லாம் அப்பா இல்லையா?" என்றாள் யெட்டா. லோதார் பூரித்துப்போனான்.

சூரிக்கில் எல்லோருமே நின்றார்கள். அவனுக்கு அங்கேயே குடியேறிவிடலாம் போலிருந்தது. மிலானில் எதிர்ப்பக்கம் நின்ற டிராம் இவர்கள் கண்ணெதிரே கிளம்பிப் போனது.

"நேப்பிள்ஸ்ல மட்டும் இப்படி நிக்காத லோதார், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் கிர்ஸ்டன்.

கல்யாணக் காலையில் நின்றான். பதிவு அலுவலகம் எதிர்ப்பக்கம்தான், நேரம் நெருங்கிவிட்டது. சிக்னலோ சிவப்பிலிருந்து அசையவில்லை. ஸ்கூட்டர்களுக்கு நடுவே ஊர் ஜனம் புகுந்து புகுந்து போய்க்கொண்டிருந்தது. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் பல வருஷம் பீட்ஸா சுட்டுத் திரும்பிய காபிக்கடைக்காரர் வாசலுக்கு வந்தார்.

"தம்பி, அது கெட்டுப்போய் ரெண்டு வருஷமாச்சு. உங்க ஊர்ல இருந்தவரைக்கும் நானும் நின்னேன். இங்க நின்னா நரைச்சிரும்."

கிர்ஸ்டன் மோதிரப் பையை வாங்கிக்கொள்ளக் குனிந்தாள். யெட்டா அதை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"சாட்சி இல்லாம அவங்க ஆரம்பிக்க மாட்டாங்க. நான் ஓடறேன். நீ வளத்த புள்ள, நீயே கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சாலையில் இறங்கினாள் கிர்ஸ்டன்.

லோதார் மண்டியிட்டான். "இது கெட்டுப்போன சிக்னல்டா."

"சிவப்பா இருக்கே."

"இன்னிக்கு மட்டும் போலாமா?"

"'இன்னிக்கு மட்டும்'னு யாராவது கூப்பிட்டா போகக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

அப்பா சொன்னது எல்லா நேரத்துக்கும் பொருந்தாது என்று ஒத்துக்கொண்டிருக்கலாம். முரண்டு பிடித்தாலும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் சிவப்பில் கடக்கும் அப்பாவாக அவள் முன்னால் நிற்க அவனுக்கு மனம் வரவில்லை.

"கண்ணை மூடிக்கோ. அப்பா பாத்துச் சொல்றேன்."

அவள் இறுக மூடிக்கொண்டாள்.

"பச்சை வந்திருச்சு."

ஹார்ன்களுக்கும் வசவுகளுக்கும் நடுவே, அவன் கையைப் பிடித்தபடி, கண்ணைத் திறக்காமல், துளி பயமில்லாமல் நடந்தாள். எதிர்ப்பக்கம் வந்ததும் கண் திறந்து திரும்பிப் பார்த்தாள். சிவப்பு. அப்பாவைப் பார்த்தாள்.

மோதிரம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. யெட்டா ஐஸ்கிரீம் தின்றாள், மாப்பிள்ளை ஜெனாரோவோடு ஆடினாள். சிவப்பைப் பார்த்திருக்க மாட்டாள் என்று லோதார் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

ஊர் திரும்பி, திங்கட்கிழமை காலை, பள்ளிக்குப் போகும் வழியில் சிக்னல் மாறியது.

"பச்சை வந்திருச்சு, வா."

யெட்டா அவன் பிடியிலிருந்து விரல்களை உருவிக்கொண்டாள். முன்னால் நின்றவர்களின் கால்களுக்கிடையே தலையை நீட்டி, சிக்னலைத் தானே பார்த்தாள். பச்சைதான். பிறகு நடந்தாள். லோதார் காலிக் கையோடு அவள் பின்னால் போனான்.